இருபத்திரண்டரை விநாடி

மதகடியில் புழுதி கிளம்பியதும் முத்துக்குமாரரின் கட்டைவிரல் நிறுத்து மணிக்கூட்டின் குமிழை அமர்த்துகிறது. அவர் கழுத்தை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்புவதற்குள் பஸ் அவருடைய வேலிப் படலையைக் கடந்து, வேலி ஓலையைச் சிலுப்பிவிட்டு, அப்பால் நிற்கும் இலுப்பை மரத்தையும் தாண்டிவிடுகிறது. விரல் மறுபடியும் அமர்த்துகிறது.

"பதினாலு! பாத்தியளே மாஸ்ரர், பதினாலு! உவன் தம்பிராசா இண்டைக்கு ஆரையேன் சாக்கொண்டுபோட்டுத்தான் நிப்பான்."

மணிக்கூட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். கண்ணுக்குள் புழுதி விழுந்தவனுக்கு அதில் என்ன தெரியும்? "ஓம், பதினாலுதான்" என்று சொல்லிவைக்கிறேன். சொல்லாவிட்டால் விடமாட்டார்.

பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்கு ஒரு மைல் வடக்கே, எங்கள் இருவர் வீடும் எதிரெதிரே இருக்கின்றன. காலை ஆறரை முதல் எட்டரை வரை, படலைக்கு வெளியே பிரப்பங்கதிரையைப் போட்டுக்கொண்டு இவர் பார்க்கும் உத்தியோகம் இது. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை. முப்பத்தொரு வருடம் றெயில்வேயில் கார்ட் வேலை பார்த்துப் பெஞ்சன் எடுத்த மனிதர். வேட்டிக்கு மேலே அந்தக் கறுத்தக் கோட்டை இன்னும் மாட்டுகிறார். கதிரையின் இரு பக்கமும் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் சுருட்டியபடி சாத்தியிருக்கும். எந்தக் கந்தோரில் ஒப்படைக்க மறந்தாரோ தெரியாது.

"என்ரை பச்சைக் கொடி காட்டாமல் ஒரு வண்டி அசையேல்லை, மாஸ்ரர். முப்பத்தொரு வருசம்! இப்ப என்ரை படலையடியாலை உவங்கள் ஆரைக் கேட்டுப் போறாங்கள்?"

மதகிலும் இலுப்பை மரத்திலும் அவர் அடித்த சுண்ணாம்புக் கோடுகள் உண்டு. இடைத்தூரம் இருநூற்றிருபது யார், அதாவது மைலில் எட்டில் ஒரு பங்கு. பஸ் மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சந்தையடியில் ஒரு பலகை நிற்கிறது. ஆகவே கோட்டுக்குக் கோடு இருபத்திரண்டரை விநாடி ஆகவேண்டும். அதற்குக் குறைந்தால் குற்றம். இந்தக் கணக்கை நான் என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே இத்தனை தடவை சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கு அவர் சொல்லியிருக்கிறார்.

தூரத்தை முதலில் துலாக்கயிற்றால்தான் அளந்தார். கயிறு புதிதாக வந்த அன்றைக்கு அதை யார்க்கோல் வைத்துப் பார்த்து, சரியாக இருபது யார் என்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஆனால் வீதியை அளக்கப் போனது தோட்டத்துக்கு ஒரு மாதம் இறைத்த பிறகு. பட்டை நிறையத் தண்ணீரை ஆயிரம் தரம் தூக்கிய கயிறு சும்மா இருக்குமா? இழுபட்டு நீண்டுவிட்டது. மூன்று மாதம் கழித்து, றோட்டு ஓவசியரின் சங்கிலியைக் கெஞ்சி வாங்கிவந்து மறுபடி அளந்தார். இரண்டு யார் கூட இருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. இலுப்பை மரத்துக் கோட்டைச் சுரண்டிவிட்டு இப்பாலே புதுக்கோடு அடித்தார். பிறகு மூன்று மாதமும் எழுதிய கொப்பியைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார்.

"ரண்டு யாருக்கோ? உங்களுக்கென்ன விசரோ!" என்று நான் கத்தியே விட்டேன்.

"அஞ்சிலை ஒரு விநாடி, மாஸ்ரர். பிழையான அளவை வைச்சுக்கொண்டு ஒருத்தனைக் குற்றவாளி எண்டு சொல்லலாமோ?"

தூரம் கூடியிருந்தபடியால் அந்த டிறைவர்மார் அவர் எழுதியதைவிட வேகமாகத்தான் போயிருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை. பிழை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிழைதானாம். இந்த மனிதரோடு எப்படிக் கதைக்கிறது?

இவ்வளவுக்கும் காரணம் செல்வநாயகி. இரண்டு வருடத்துக்கு முன், கத்தரிக்காய்க் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போன அவளை ஏற்றிக்கொள்ளத் தம்பிராசாவின் பஸ்ஸும் இன்னொன்றும் போட்டிபோட்டு ஓடிவந்தன. தம்பிராசா வென்றான். வென்ற வேகத்தில் அவளை வேலிக்குள் தள்ளிவிட்டான். வலது கை முறிந்து, இன்றைக்கும் அதைத் தோளுக்கு மேலே தூக்க மாட்டாள். அவளைத் தூக்கி எடுத்தவர் முத்துக்குமாரர். அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து அந்த நிறுத்து மணிக்கூட்டைத் தருவித்துவிட்டார்.

இப்போது செல்வநாயகி எந்தப் பஸ்ஸில் சந்தைக்குப் போகிறாள் என்று நினைக்கிறீர்கள்? தம்பிராசாவின் பஸ்ஸில்தான். முத்துக்குமாரர் கேட்டதற்கு அவள் சொன்ன மறுமொழியை நான் என் காதால் கேட்டேன்.

"கையை முறிச்சவன்தான் ஐயா, நான் இல்லையெண்டேல்லை. ஆனா மற்றவளவை கடகம் இறக்கமுன்னம் என்னைக் கொண்டுபோய் விட்டிடுவான்."

வேகத்துக்கு எதிராகப் பொலிசுக்கு ஒரு பெற்றிசம் எழுதி, நாற்பத்துமூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினார். அந்த நாற்பத்துமூன்று பேரும் முந்தி வருகிற பஸ்ஸில்தான் ஏறுவார்கள். பதினேழாவது கையெழுத்து என்னுடையது. பள்ளிக்கூட மணி அடிக்கமுன் பட்டினம் போய்ச் சேரவேண்டும் என்று எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒவ்வொரு நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

பொலிசும் ஒருநாள் வந்தது. ஒரு கொன்ஸ்தாப்புவை வாழைத் தோட்டத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். எதிரே போகிற டிறைவர்மார் வருகிற டிறைவர்மாருக்குத் தலையில் கையை வைத்துக் காட்டினார்கள். பொலிஸ் தொப்பி நிற்கிறது என்று அர்த்தம். மாட்டுவண்டிக்காரரும் காட்டினார்கள். சந்தைக்குப் போன பெண்களும் காட்டினார்கள். அன்றைக்குத் தம்பிராசா கோட்டுக்குக் கோடு நாற்பத்தொரு விநாடி எடுத்தான். படலையடியில் முத்துக்குமாரருக்கு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடு வேறு போட்டான். மறுநாள் கொன்ஸ்தாப்பு வரவில்லை. பதினாலு விநாடி.

"ஒளிச்சிருந்து பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையே?" என்று அன்றைக்கு முழுக்கக் குதித்தார். "வெளிக்கிட்ட நேரத்தை அங்கை எழுது. போய்ச் சேர்ந்த நேரத்தைப் பட்டினத்திலை எழுது. முந்திப் போய்ச் சேர்ந்தவனுக்குத் தண்டம் போடு. கோச்சி முந்தி வந்தால் ஸ்ரேசன் மாஸ்ரருக்குக் கடிதம் வரும். பஸ் முந்திப் போனால் சனம் கைதட்டுது!"

யோசனை நல்லதுதான். கேட்க ஆள் வேண்டுமே. எழுதி அனுப்பினார். கிடைத்தது என்று ஒரு துண்டு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு வீதி நடுவில் போய் நின்றுவிட்டார். தம்பிராசா அவரை ஒரு சுற்றுச் சுற்றி வீதியோரக் கானுக்குள் இறங்கி ஏறிப் போய்விட்டான். அடுத்ததாக வந்தவன் குருநகர்ப் பிலிப்பு. அவன் ஒருவன்தான் நிறுத்தினான்.

"என்ன ஐயா, மதகு உடைஞ்சுபோச்சோ?"

முத்துக்குமாரர் அவனை இறக்கி, தம்முடைய கதிரையில் இருத்தி, மணிக்கூட்டைக் கையில் கொடுத்து, அடுத்து வந்த பஸ்ஸை அவனையே அளக்கச் சொன்னார். பஸ்ஸுக்குள் இருந்த சனம் கூக்குரல் போட்டது. பிலிப்பு அளந்தான். பதினைந்து. புழுதிக்குள் இருந்து எழும்பி நின்றவனின் முகம் வெளிறியிருந்தது.

"நாங்களும் இப்பிடியே ஐயா போறனாங்கள்?"

"இதைவிடக் கடுமையா."

"உள்ளுக்கை இருக்கேக்கை தெரியேல்லை ஐயா" என்றான். கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த அந்தோனியார் படத்தைத் தொட்டு, இனி இருபதுதான் என்று சத்தியம் பண்ணினான்.

மறுநாளிலிருந்து பிலிப்பின் பஸ் இருபத்துமூன்று விநாடி. நாள் தவறாமல் இருபத்துமூன்று. படலையடிக்கு வந்ததும் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவான். முத்துக்குமாரர் கொப்பியில் அவன் பெயருக்கு நேரே ஒரு சரி போடுவார். பொலிஸ் நின்ற நாளை அவர் கணக்கில் எடுக்கவில்லை; இரண்டு வருடத்தில் அந்தக் கொப்பியில் வேறு எவனுக்கும் சரி விழவில்லை. ஒவ்வொரு சரியையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு நடக்கவேண்டியது நடந்தது. பிலிப்பின் பஸ்ஸில் ஏறினால் சந்தை கலைந்துவிடும் என்று சனம் ஏறுவதை விட்டது. தம்பிராசாவின் பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனது. பிலிப்பு இருக்க ஆளில்லாத வெறும் வாங்குகளை ஏற்றிக்கொண்டு போனான். ஒரு மாதம் பார்த்த முதலாளி, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பஸ் நிறையாவிட்டால் வேறு டிறைவரைப் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டான். பிலிப்பு அதை முத்துக்குமாரரிடம் வந்து சொன்னான். குறைசொல்ல வரவில்லை, அது இன்னும் மோசம்.

"நாலு குஞ்சுகள் ஐயா. கடல் தொழிலும் எனக்குத் தெரியாது. ஆரேன் கொஞ்சப்பேர் ஏறினால் காணும்."

முத்துக்குமாரர் கோட்டை மாட்டிக்கொண்டு, கையெழுத்து வைத்த நாற்பத்துமூன்று வீட்டுக்கும் போனார். எல்லாரும் ஓம் என்றார்கள். என் வீட்டுக்கும் வந்தார். நானும் ஓம் என்றேன். திங்கட்கிழமை பிலிப்பின் பஸ்ஸில் ஏறினேன், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினேன், தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டினேன், செவ்வாய்க்கிழமை தம்பிராசாவின் பஸ்ஸில் ஏறினேன். கடைசியில் அவரும் மனைவி மீனாம்பிகையும்தான் பிலிப்புக்குச் சனம். காலையில் நல்லூர்க் கோயிலுக்குப் போவதும், அடுத்த நடையில் திரும்புவதுமாக இருந்தார்கள்.

"இந்தக் கிழமை நாலாந்தரம் மாஸ்ரர்" என்றார் அந்த அம்மா, படலையில் இறங்கும்போது. "கந்தசாமியாருக்கே என்னைக் கண்டு அலுத்துப்போச்சு. உந்த மனிசனுக்கு அலுக்கேல்லை."

வியாழன் மாலை நான் அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவனுக்கு ஒரு சலுகை கொடுத்தால் என்ன? பதினெட்டு விநாடியில் போகட்டுமே? உம்முடைய ஒரு கோட்டுக்காக ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கவேண்டுமா?

"பதினெட்டிலை வரேக்கை ஒரு பிள்ளை குறுக்கை ஓடினால் நிப்பாட்டுவானோ?" என்று கேட்டார். அவர் சொல்வது சரி. எனக்கு அவர்மேல் வருகிற கோபம் முழுக்க அதனால்தான். பிறகு, "நான்தானே அவனை மறிச்சு இறக்கினனான்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் நல்லூருக்குப் போகவில்லை. வழக்கம்போலக் கதிரையில் இருந்தார். நான் பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நின்றேன். தம்பிராசாவின் பஸ்ஸை இன்னும் காணவில்லை. மதகடியில் ஹோர்ன் சத்தம் கேட்டது, அதோடு புழுதி. முன்கண்ணாடிக்கு மேலே அந்தோனியார் தெரிந்தார். முத்துக்குமாரரின் விரல் குமிழை அமர்த்திற்று.

பிலிப்பின் பஸ் நிறைந்திருந்தது. மிதிபலகையில் ஆட்கள் தொங்கினார்கள். உள்ளே கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு செல்வநாயகி இருந்தாள். நான் கைகாட்டியும் நிற்கவில்லை. பிலிப்பு படலைப் பக்கம் திரும்பவில்லை, கையைத் தூக்கவில்லை. நேரே பார்த்தபடி எங்களைக் கடந்து போனான். வேலி ஓலை சிலுப்பிற்று. இலுப்பை மரத்துக் கோட்டை முன்சில்லு தாண்டிற்று, பின்சில்லும் தாண்டிற்று.

நான் முத்துக்குமாரரைப் பார்த்தேன். அவர் கழுத்து வலப்பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழின்மேல் கட்டைவிரல் அப்படியே இருந்தது, அமர்த்தவில்லை. பஸ் சந்தைப் பக்கத்து வளைவில் மறைந்தது. முள் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அமர்த்தினார்.

இந்தத் தடவை அதை என் மூக்குக்கு நேரே நீட்டவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கொப்பியை முழங்காலில் விரித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, பிலிப்பின் பெயருக்கு நேரே இருபத்துமூன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரு சரி போட்டார்.