எந்தத் தெரு என்று கேட்ட டாக்டர்

புது ஆட்சி வந்து கூலிக்குச் சட்டம் போட்டும், எங்கள் நீடாமங்கலம் பக்கத்துக் களங்களில் நெல் அளக்கும் மரக்கால் மட்டும் மாறாத காலம் அது. அறுவடைக் கூலிச் சண்டையில் என் வீட்டுக்காரரைத் திருச்சி ஜெயிலில் வைத்திருந்தார்கள். நான் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் மகனோடு கிடந்தேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றேன். சொல்வதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு நாலு வயசு. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் ஓடினாலே உதடு நாவற்பழம் தின்றது போலக் கறுத்துவிடும். மெட்ராஸில் ஆபரேஷன் செய்தால் பிழைப்பான் என்றார்கள். கும்பகோணத்தைத் தாண்டாத நான் மெட்ராஸுக்கு எங்கே போக, யாரைப் பிடிக்க?

வார்டின் பெரிய டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். குழந்தை வைத்தியத்தில் மேல்படிப்புப் படிக்கிற டாக்டர்களுக்குப் பரீட்சை வருகிறதாம். பரீட்சை வைக்க மெட்ராஸிலிருந்து வருகிறவர் அந்த ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரிக்காரராம். "உம் புள்ளையப் பரீட்சைக்கு உக்கார வையிம்மா. அவரு கண்ணுல பட்டா வழி பொறக்கும்" என்றார். பரீட்சை எழுதுகிறவர் என்னிடம் கேட்டு, பையனைத் தொட்டுப் பார்த்து, தெரிந்ததை மெட்ராஸ்காரரிடம் ஒப்பிக்க வேண்டும். நான் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிடக் கூடாது. கேட்டால் பதில், அவ்வளவுதான்.

பரீட்சை அன்றைக்குக் காலையில் நானும் பையனும் ஓய்ந்து போயிருந்தோம். முந்தின வாரமெல்லாம் படிக்கிற பிள்ளைகள் வந்து பையனின் நெஞ்சில் குழலை வைத்து வைத்துப் பழகியதில், வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அவன் வீறிட்டான். எங்களுக்கு வந்து சேர்ந்த டாக்டரோ எங்களைவிட மோசம். கண் இரண்டும் செம்பருத்தி. முன்பு இங்கே படித்துத் தேறாமல், வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி மறுபடி பரீட்சைக்கு வருகிறவராம். நர்சம்மா என் காதோடு சொன்னாள்: "இந்தத் தடவையும் கோட்ட விட்டாருன்னா, இந்த வார்டு அட்ரஸுலயே ரேஷன் கார்டு வாங்கிக்கலாம்."

"எந்த ஊரும்மா?" என்றார் அந்த டாக்டர். சொன்னேன். எழுதிய பேனா நின்றது.

"எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். சாதியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"தெருவச் சொன்னாத்தான் புள்ள நெஞ்சு சத்தம் கேக்குமா டாக்டரே?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். அவர் முகம் செத்துப்போனது. "இல்லம்மா, கேட்டிருக்கக் கூடாது. அது எங்க ஊரு. நான் பெரிய பண்ணை வீட்டு மூத்தவன்."

சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவர், அதனால் அடையாளம் தெரியவில்லை. இப்போது பார்த்தால் அந்தத் தாடை அப்படியே அவர் அப்பாவுடையது. என் வீட்டுக்காரர் மேல் போலீசில் எழுதிக் கொடுத்தது அந்த அப்பாதான்.

பகையாளி குடியை உறவாடிக் கெடு என்பார்கள். நான் உறவாடக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டாலே போதும், அவர் பரீட்சை போய்விடும். ஆனால் என் பிள்ளையின் கதை மெட்ராஸ்காரர் காதுக்குப் போக வேண்டிய வாயும் அந்த வீட்டு வாயாகவா இருக்க வேண்டும்! பேசியாக வேண்டுமென்று மனசுக்குத் தெரிகிறது, நாக்கு கேட்கவில்லை. கேட்டதற்கெல்லாம் "தெரியாது", "ஞாபகமில்ல" என்றே வந்தது. பையன் வேறு அவர் கையைத் தட்டித் தட்டி விட்டான்.

அவர் அதட்டவில்லை. குழலைக் கழற்றிவிட்டு, கட்டில் காலில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் வீட்டு வாசலில்கூட எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்ததில்லை. பையன் அழுகையை நிறுத்தி, இறங்கி, அந்தக் குழலை எடுத்துக்கொண்டு ஜன்னல் வரை ஓடினான். திரும்பி வரும் வழியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"எப்பவும் இப்படித்தான் உக்காருவானா?" என்றார் மெதுவாக.

அந்தக் குரலில் பண்ணை இல்லை. தூக்கம் கெட்ட ஒரு மனுஷன்தான் இருந்தார். "வரப்புல போனா கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் உக்காருவான். நடவு பொம்பளைங்களப் பாத்துப் பழகிட்டான்னு நெனச்சேன்" என்றேன். அந்த உட்காருதலே இந்த நோயின் அடையாளமாம், பின்னால்தான் தெரிந்தது. பிறகு மடை திறந்தது போல எல்லாமே வந்துவிட்டது. "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று பழக்கத்தில் கேட்டார். "உங்கப்பா எழுதிக் குடுத்த கேஸுல ஜெயில்ல இருக்காரு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

மெட்ராஸ்காரர் வந்தார். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். மெட்ராஸ்காரர் தலையாட்டிக்கொண்டே வந்தவர், திடீரென்று தமிழில் என் பக்கம் திரும்பினார்: "ஏம்மா, இவ்வளவு நாளா ஏன் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வரல?"

நான் வாய் திறக்குமுன் பண்ணை வீட்டு டாக்டரே சொன்னார்: "அவங்க வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்கார் சார். கூலிச் சண்டை. கேஸ் குடுத்தது எங்க வீட்ல."

"பரீட்சையில குடும்பக் கதை எதுக்குய்யா?"

"ஏன் வரலன்னு நீங்க கேட்டீங்க சார். அதான் காரணம்."

பரீட்சை நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. அவரிடம் இன்னும் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்காமலே நின்றன. மெட்ராஸ்காரர் பையனின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். "அடுத்த வாரமே வந்துடும்மா. துணைக்கு இங்கேருந்து ஒரு நர்ச அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லிப் போனார்.

ஆபரேஷன் ஆயிற்று. சில மாதம் கழித்துப் பையனைக் காட்டுவதற்காகத் தஞ்சாவூர் வந்தபோது, வராந்தாவில் அதே டாக்டர், மடியில் அதே தடிப் புத்தகம்.

"தேறலிங்களா?"

"இல்லம்மா. மறுபடி வந்திருக்கேன்."

"எம் புள்ளையாலயா?"

"சேச்சே, வேற ஒரு கொழந்தைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்." நிஜமா பொய்யா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "இன்னும் குத்துக்கால் போடுறானா?" என்றார்.

பையனை இறக்கிவிட்டேன். வராந்தாவின் அந்தக் கோடி வரை ஓடி, உட்காராமல் திரும்பி வந்தான். மறுபடி ஓடினான். "போதும்டா, எனக்கு மூச்சு வாங்குது" என்றார் அவர். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தத் தடவை தேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக எங்கள் வழக்கு நின்றுவிடவில்லை. அந்த வீட்டோடு சண்டையும் ஓயவில்லை. ஜாமீனில் வந்த என் வீட்டுக்காரர் வாய்தாவுக்கு வாய்தா நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தார். மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

இன்றைக்கும் யாராவது "எந்தத் தெரு" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்றுதான் செய்கிறது. ஆனாலும் கேட்ட பிறகு அந்த ஆள் என்ன செய்கிறான் என்று பார்க்கக் கொஞ்சம் பொறுத்திருக்கிறேன், அந்தப் பொறுமை எனக்கு வந்தது அந்த வார்டில்தான்.