ஈ தின்னும் செடிக்குத் தண்ணீர் தேடிய கதை

போன மாதம் கொடைக்கானல் முழுக்க ஒரு ஏசி மெஷினைத் தேடி அலைந்தேன். சிரிக்காதீர்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அலைந்தேன்.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்த என் மகள் ஷீபா, போகும்போது தன் வீனஸ் ஃப்ளைட்ராப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஈ வந்து உட்கார்ந்தால் இலையை டப்பென்று மூடி, அப்படியே ஜீரணித்துவிடும் செடி. ஈயை உயிரோடு விழுங்கும் இந்த வீராதிவீரனுக்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாதாம்! உப்பு இருந்தால் வேர் கருகிவிடுமாம். மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த தண்ணீர் — அதற்குக் கீழே துரை இறங்கமாட்டார். உப்பை அளக்க ஒரு மீட்டர் வேறு.

மழை இருந்தவரை கவலையில்லை. சீசன் வந்தது... மழையைத் தவிர எல்லாரும் மலையேறி வந்தார்கள்.

இலைகள் கருக ஆரம்பித்தன. கேன் தண்ணீர் வாங்கினேன். மீட்டர் எகிறியது. சுத்திகரித்துவிட்டு, ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்களாம்! பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலைக்குச் செடியைப் பாலிலேயே குளிப்பாட்டலாம்.

'உங்கள் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள்' என்றது இன்டர்நெட். கொடைக்கானலில் ஏசிக்கு எங்கே போக?

கீழே பாலசமுத்திரத்தில் இருக்கும் மனைவியின் தம்பி அந்தோணிக்குப் போன் போட்டேன். "சும்மா கொட்டித்தான் கெடக்கு மச்சான். வெள்ளனே வாங்க, எம்புட்டு வேணுமோ தூக்கிட்டுப் போங்க."

மேகம் வீட்டுக்குள் வந்து போகும் ஊர்க்காரன், வெயிலில் வேகும் ஊருக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினால்... செக்போஸ்ட்.

"என்ன சார், பை நிறைய வாட்டர் பாட்டிலு? மேல பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகக் கூடாதுன்னு தெரியாதா?"

"குடிக்கிற தண்ணி இல்லைங்க. ஏசித் தண்ணி. செடிக்கு."

"கொடைக்கானலுக்கு... ஏசித் தண்ணி?" என்னை ஏற இறங்கப் பார்த்தவரின் முகம் திடீரென்று மலர்ந்தது. "சார், நீங்க வாராவாரம் எழுதுறவருதானே? பாட்டில் கொண்டு வர்றவன் எவனா இருந்தாலும் விடாதீங்கன்னு எழுதியிருந்தீங்களே... வெட்டி உள்ள ஒட்டி வச்சிருக்கோம் சார்!"

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்? பாட்டில்களை மிகுந்த மரியாதையோடு பறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு இலைதான் பச்சையாக இருந்தது. மாதக் கடைசியில் மகள் வருகிறாள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. என்னை நம்பி அவள் விட்டுப்போனது இது ஒன்றுதான். அதைக்கூடக் காப்பாற்றத் தெரியாத அப்பனா நான்?

மறுநாள் காலை, மனைவி மேரி இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து, அதில் கோத்திருந்த தண்ணீரை சிங்க்கில் உதறினாள். ஆவி... மூடி... சொட்டு...

"உதறாதே!" என்று கத்தினேன்.

"ஏங்க, காலங்காத்தால பேய் புடிச்சிருக்கா?"

அடுத்த ஈட்டில் மூடித் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து மீட்டரை வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம்!

ஒரு ஈட்டுக்குச் சில ஸ்பூன்தான் தேறியது. வெறும் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாமே என்றேன். "கேஸ் என்ன ஓசியிலயா வருது? இட்லி வேகட்டும், அதோட உங்க செடிக்கும் வரட்டும்" என்றாள் மேரி. அன்று முதல் காலை இட்லி, மதியம் இட்லி, ராத்திரியும் இட்லி. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் ரத்து — அடுப்பு காலியில்லையாம்.

போன வாரம் ஷீபா வந்தாள். செடியில் புதிதாக ஒரு துளிர். "சூப்பர்ப்பா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. நாங்கள் தட்டில் இட்லியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. இலை டப்பென்று மூடிக்கொண்டது.

எங்கள் வீட்டில் இப்போது அசைவம் சாப்பிடுவது அந்தச் செடி மட்டும்தான்.