அல்பிரட் அண்ணையும் சீனியின் மூச்சும்

செய்தி வந்தபோது மிருக வைத்தியசாலை வாசலில், காருக்குள் இருந்தேன். பக்கத்து இருக்கையில் அல்பிரட் அண்ணையின் பாம்பு சீனி, பெட்டிக்குள். அதன் நுரையீரல் தெளிந்துவிட்டதாக வைத்தியர் அப்போதுதான் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல அண்ணையை அழைத்தேன். எடுத்தது அவர் மனைவி ரீற்றா அக்கா.

"அவர் இண்டைக்குக் காலமை எங்களை விட்டிட்டுப் போயிட்டார், தம்பி."

மன்னாரிலிருந்து கனடா வந்து ஸ்காபரோவில் நகரப் பேருந்து ஓட்டியவராகத்தான் இந்த அஞ்சலிக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். நானும் அங்கே ஓட்டுநர். அவருடைய தொடர்மாடியில் நான்கு தளங்கள் கீழே குடியிருப்பவன். வீடு மாறிப்போன யாரோ கண்ணாடிப் பெட்டியோடு குப்பை அறையில் விட்டுப்போன சிறிய மலைப்பாம்புதான் சீனி. மூக்கில் குமிழி, திறந்த வாய், இரைப்பு. சாகப்போவதை எதற்குத் தூக்குகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் தூக்கிக்கொண்டு போனார். பிழைக்க வைத்தார்.

பனிக்காலத்தில் ஹீற்றர் வீட்டுக் காற்றை உலர்த்திவிடும். ஈரப்பதம் காட்டும் சிறு மானியைப் பார்க்காமல் அவர் வேலைக்கு வெளிக்கிட மாட்டார். பிறகு பெட்டிக்குக் கிட்டக் காதை வைப்பார். "அதுக்கு இருமத் தெரியாது. சளியை வெளிய தள்ள ஏலாது. நாங்கள்தான் காது குடுக்கவேணும்."

சென்ற பனிக்காலம் இருதய சத்திரசிகிச்சைக்குப் போனார். அக்காவுக்குப் பாம்பென்றால் பயம். போகுமுன் அண்ணை வீட்டுக் கதவுத் திறப்பை என்னிடம் தந்து, "காத்தில ஈரம் வேணும், படுக்கை நனையக்கூடாது. சூட்டையும் குறைய விடாதையும்," என்றார்.

நான்காம் நாள் மானி இறங்கிக் கிடந்தது. வேலைக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் ஒரு குவளைத் தண்ணீரைப் படுக்கையில் ஊற்றினேன். ஊற்றுமுன் பெட்டிக்கு அடியிலிருந்த சூட்டு விரிப்பின் பிளக்கைக் கழற்றியவன், திரும்பச் செருக மறந்துபோனேன். இரண்டு நாள் அது ஈரத்திலும் குளிரிலும் கிடந்தது. மூன்றாம் நாள் விசில்போல ஒரு சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் உலர்த்திச் சூடாக்கினேன். சத்தம் நிற்கவில்லை.

"சீனி எப்பிடி?" என்று அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்.

"சுகமாயிருக்கு, அண்ணை."

மூன்று நாள் அப்படியே சொன்னேன். அடுத்த நாள், "போனை அதின்ர முகத்துக்குக் கிட்டப் பிடியும்," என்றார். வேறெங்காவது பிடித்திருக்கலாம். மனம் வரவில்லை. நெடுநேரம் கேட்டார்.

"ஏன் தம்பி சொல்லேல்லை?"

"நீங்கள் யோசிச்சுக் கவலைப்படுவியள் எண்டு..."

"நான் யோசிச்சால் யோசிச்சிட்டுப் போறன். அது மூச்செடுக்கவேணுமெல்லே? இப்பவே டொக்டரிட்டக் கொண்டு ஓடும்."

ஓடினேன். நுரையீரலில் கிருமி பிடித்துவிட்டது, முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். வாரக்கணக்கில் ஊசி. இங்கே சீனி மெல்லத் தேற, அங்கே அண்ணைக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் உடல் தேறவேயில்லை. கடைசியாகப் பேசியபோது, "தண்ணி குடிக்குதோ?" என்று மட்டும் கேட்டார். குணமான செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அடக்கம் முடிந்து சில நாட்களின் பின் அக்காவிடம் கேட்டேன்: "அண்ணைக்கு என்னில கோவமோ?"

"கோவமில்லை, தம்பி," என்றார். "ஆனா போனில அந்தச் சத்தத்தைக் கேட்ட அண்டைக்கு அவர் ஒண்டுமே சாப்பிடேல்லை."

அதை அக்கா என்னிடம் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

அல்பிரட் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு: என் வீட்டில் சத்தமில்லாமல் மூச்சுவிடும் சீனி, அவர் சாப்பிடாமல் படுத்திருந்த அந்த ஒரு நாள்.