ஆடி முழுக்கத் தொங்கிய சிவப்பு அட்டை

செவிலிமேட்டில் எங்கள் தெருவில், "கத்தரிக்கோல் எங்க?" என்று யாரும் கத்தாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது ரேணுகாம்பாள் அக்காவின் வீடு. என் பெயர் அஞ்சும், எதிர்வீட்டுத் தையல்காரி. என் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடியே பாதி நாள் போய்விடும். அதனால் அந்த வீட்டைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். இடுப்பும் முழங்காலும் போனதுதான் மிச்சம் என்று நான் சொல்வேன். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். "ஃபைவ் எஸ் கத்துக்கினு வந்தேனே" என்பார்.

ஜப்பான்காரர்கள் தொழிற்சாலைக்காக உண்டாக்கிய ஒழுங்குமுறை அது. வேண்டாததைக் கழிப்பது, வேண்டியதற்கு இடம் வைப்பது, துடைப்பது, அதையே வழக்கமாக்குவது. ஐந்தாவதுக்கு ஷிட்சுகே என்று பெயர். யாரும் பார்க்காதபோதும் சரியாக நடந்துகொள்வது என்று அக்கா அதற்கு அர்த்தம் சொன்னார். அவர் பகுதிக்கு மூன்று முறை பரிசு கிடைத்திருக்கிறது.

போன சித்திரையில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். சமையலறைச் சுவரில் ஒவ்வொரு கரண்டிக்கும் அதன் வடிவத்தை வரைந்தார். கரண்டி இல்லாவிட்டால் அந்த வெற்று வடிவம் நம்மை முறைக்கும். பருப்பு டப்பாவிலிருந்து பல்பு டப்பா வரைக்கும் பெயர் ஒட்டினார். அப்புறம் சிவப்பு அட்டை வந்தது.

சட்டம் இதுதான். வேண்டாம் என்று தோன்றும் பொருளில் சிவப்பு அட்டை கட்டவேண்டும். பொருளின் பெயர், தேதி, கட்டியவர் பெயர் எழுதவேண்டும். அந்தப் பொருளைக் கூடத்து மூலையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்கவேண்டும். முப்பது நாளுக்குள் யாராவது ஒருவர் 'தேவை' என்று கையெழுத்துப் போட்டால் பொருள் பிழைக்கும். இல்லாவிட்டால் பழைய சாமான் வண்டிக்குப் போகும். வீட்டுக்கு வந்துபோகிறவர்களும் கையெழுத்துப் போடலாம். நானே ஒரு முக்காலியை அப்படிக் காப்பாற்றினேன். இன்றைக்கும் அதில் உட்கார்ந்துதான் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் வேலாயுதம் மின்சாமான் கடையில் வேலை செய்கிறவர். அவருடைய ஓடாத ரேடியோ மூன்றும் அட்டை கட்டிப் போயின. "ரிப்பேர் பண்ணி வச்சிக்கலாம்னு இருந்தேன்" என்று முனகினார். "முப்பது நாள் என்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று அக்கா கேட்டார்.

இவ்வளவும் எதற்கு என்றால், முன்னறையைக் காலி செய்வதற்கு. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரி வேலை கற்றிருந்தார். பட்டுச்சேலை எடுக்க எங்கள் ஊருக்கு வருகிற கல்யாணப் பெண்களுக்கு ரவிக்கையில் ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துப் பூ போடுகிற வேலை. இங்கே அதற்கு ஆர்டருக்குப் பஞ்சமில்லை. நான் தைப்பது, அக்கா பூப்போடுவது என்று பேசி வைத்திருந்தோம். தீபாவளிக்குள் இது ஓடத் தொடங்கினால் கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு. துணியை இழுத்துக் கட்டுகிற மரச்சட்டம் ஒன்றையும் ஆசாரியிடம் சொல்லிச் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு வளையாதபடி, அவர் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த ஸ்டாண்டு.

"அந்த ரூம் கிளியர் ஆச்சின்னா உனக்குத்தாம்மா. ப்ராமிஸ்" என்று மகள் பிரியதர்ஷினி சொன்னாள். சென்னைக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள்.

ஆனி முடிவதற்குள் அறை காலி. தொழிற்சாலையில் போடுவதுபோலவே அக்கா தரையில் மஞ்சள் டேப்பால் நாலடிக்கு இரண்டடி கட்டம் போட்டார். ஸ்டாண்டு வந்து நிற்கவேண்டிய இடம். "இப்பவே போட்டுடுக்கா" என்றேன். "ஆடி பொறக்கப்போவுது. நல்லது எதையும் ஆடியில ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழமை, எனக்கு லீவு. அன்னிக்குப் போட்டுடலாம்" என்றார். அதுவரை ஸ்டாண்டு மாடிப்படிக்குப் பின்னால், பழைய பெட்ஷீட்டு போர்த்தியபடி சாய்ந்திருந்தது. ஆடி முடிகிறவரை அதை அவர் தொடமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி. ஸ்டாண்டுக்கு மேலே கட்ட ஒரு விளக்கு வாங்கலாம் என்று அளவெடுக்கப் போனேன். அக்கா வேலைக்குப் போயிருந்தார். பிரியா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் பெட்ஷீட்டைத் தூக்கினேன். உள்ளே, சட்டத்தின் காலில் சிவப்பு அட்டை கட்டியிருந்தது.

பொருள்: ஆரி ஸ்டாண்டு. காரணம்: பயன்பாட்டில் இல்லை. தேதி ஜூலை பதினேழு, அதாவது ஆடி முதல் தேதி. கட்டியவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

அந்த வீட்டில் அட்டை என்றால் அக்கா. வேறு யார் கட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனசு மாறிவிட்டார், என்னிடம் சொல்ல வாய் வராமல் மூடி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் "நாங்க ரெண்டு பேரும் கடை போடுறோம்" என்று சொல்லி வைத்தவள் நான். என்னைக் கழற்றிவிட்டாரே என்று கோபம் வந்தது. பெட்ஷீட்டை இருந்தபடியே மூடிவிட்டு வந்தேன். அவராகச் சொல்லட்டும், எனக்கென்ன தலையெழுத்தா போய்க் கேட்க என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் அக்கா தெருவில் பேச்சுக்கொடுத்தபோதெல்லாம் அவசரத் துணி இருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் அக்கா குளித்துக் கோலம் போட்டதைப் பார்த்தேன். அரைமணி நேரம் கழித்து என் வாசலில் வந்து நின்றார். கையில் அந்தச் சிவப்பு அட்டை.

"ஸ்டாண்டு போச்சி, அஞ்சும்."

எனக்குப் புரியவில்லை. அக்கா என் முக்காலியில் உட்கார்ந்து சொன்னார். நேற்று அவர் ஷிப்டில் இருந்தபோது அப்பாவும் மகளும் பழைய சாமான் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் பெட்ஷீட்டு மடித்து வைத்திருந்தது. முன்னறையைத் திறந்தால் மஞ்சள் கட்டத்துக்குள் பிரியாவின் மேசை. ஒரு விரல்கூட வெளியே நீட்டாமல், அளந்து வாங்கியதுபோல் நின்றிருக்கிறது. அளந்துதான் வாங்கியிருக்கிறார்கள்.

"முப்பது நாள் டைம் இருந்துச்சேம்மா, நீ சைன் பண்ணலையே, உன் ரூல்தானே அப்படின்றா. அவர் சொல்றாரு, என் ரேடியோ போனப்ப நியாயமா இருந்துச்சி இல்ல, இப்ப மட்டும் என்னான்னு."

"மூலையில கொண்டாந்து வச்சாங்களா? பேர் எழுதினாங்களா? பெட்ஷீட்டுக்குள்ள கட்டினா யாருக்குக்கா தெரியும்?" என்று கத்தினேன். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் தெருவில் இழுத்துவிட்டிருப்பேன். பெற்ற மகள். கரண்டிக்கு இடம் வைத்த அக்காவுக்கு வீட்டில் ஒரு இடம் இல்லை.

"முடிஞ்ச அட்டைய ஃபைல்ல போடணும்னு நான்தான் கத்துக்குடுத்தேன். கரெக்டா போட்டிருக்கா" என்று அக்கா அட்டையைத் திருப்பிக் காட்டினார். 'அகற்றச் சம்மதம்' என்ற இடத்தில் இரண்டு கையெழுத்து. வேலாயுதம். பிரியதர்ஷினி. பெயருக்குக் கீழே அழகாக ஒரு கோடு. "பெத்த மவ, கட்டினவரு சமாச்சாரம் வீட்டோட போவட்டும். வுடு. நீ இருக்கே இல்ல. உன் வீட்டுல ஒரு ஓரம் குடு. நான் வேற ஸ்டாண்டு செஞ்சிக்கினு வரேன்."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அந்த அட்டைய நான் பார்த்தேன்கா."

அக்கா நிமிர்ந்தார். "எப்போ?"

"இருபத்தெட்டாந்தேதி. நீங்கதான் கட்டினீங்கன்னு நெனச்சேன். கோவம். அதான் கேக்கல."

அக்கா விரல்விட்டு எண்ணினார். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

"பத்தொம்போது நாள் இருந்திருக்குது" என்றார்.

அவர் குரல் ஏறவே இல்லை. கணவரையும் மகளையும் பற்றிச் சொன்னபோது கலங்காத கண் அப்போது கலங்கியது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி, தையல் மெஷினிலிருந்த பேனாவால் 'தேவை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன கிறுக்குத்தனம் அது. ஆனால் வேறு எதைச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடு" என்றார்.

ஆகஸ்ட் பதினேழு என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைப் படித்து, இரண்டாக மடித்து, என் மெஷின்மேலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஒரு நாள் லேட்டு, அஞ்சும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.