படத்தின் மூலையில் அம்மா வைத்த பொட்டு

லியாவ் அன்ரி இறந்துவிட்டார் என்ற செய்தி முதலில் அப்பாவுக்குத்தான் வந்தது. அப்பா சுவிஸில் பீல் நகரில் பேருந்து ஓட்டுகிறார். லியாவ் அன்ரியின் ஓவியக்கூடத்துக்கு அடுத்த அறையில் வேலை செய்யும் சிற்பி ஒருவர் ரயில் நிலையத்தில் ஏறி, வழக்கமான காலை வணக்கத்தைச் சொல்லாமல் அப்பாவின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். சிவப்பு விளக்கில் பேருந்து நின்றபோதுதான் சொன்னாராம். அப்பா கடைசித் தரிப்பிடம் வரை ஓட்டிவிட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு வரவேற்பறைக்குப் போய் லியாவ் அன்ரி வரைந்த படத்தின் முன்னால் நின்றார்.

பீல் தமிழர்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாதவர்களுக்கும், தேர்த்திருவிழாவில் காதோரம் நீல வண்ணம் ஒட்டியிருக்க, இரண்டாம் முறையும் வரிசையில் நின்று மோர் வாங்கிக் குடித்த குள்ளமான பெண்மணியை நினைவிருக்கும். அவர் தைவானில் தைனான் நகரில் பிறந்தவர். தாய்பேயில் மை ஓவியம் படித்தவர். மணிக்கூடு செய்யும் ஒரு சுவிஸ்காரரை மணந்து இங்கே வந்தார். கணவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்தார். மூடப்பட்ட மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியில் கான்வாஸைத் தரையில் விரித்து, வண்ணத்தைப் பூசுவார், துணியால் துடைத்தெடுப்பார், மறுபடி பூசுவார். மரமோ மனிதரோ அதில் இருக்காது. "துடைத்த பிறகும் எது போக மறுக்கிறதோ அதுதான் படம்" என்பார். பாரிசிலும் தாய்பேயிலும் அவருடைய படங்கள் தொங்குகின்றன. ஒன்று எங்கள் வீட்டிலும் தொங்குகிறது.

எங்கள் பழைய கட்டடத்தில் அவர் கீழ்மாடியில் இருந்தார். வீட்டிலும் சிறிய படங்கள் வரைவார். ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: சமையல் மணமும் டர்பென்டைன் மணமும் படிக்கட்டுக்கு வரக்கூடாது. பெயர் எதுவும் இல்லை. ஆனால் மீன் பொரிப்பது யார், படம் வரைவது யார் என்று கட்டடம் முழுவதற்கும் தெரியும். அம்மா கூனிக் குறுகி நின்றபோது லியாவ் அன்ரி உடுப்புக் கூடையோடு வந்தார். அறிவித்தலை வாசித்துவிட்டு அம்மாவிடம், "உங்கள் மீன் மணம் என் வீட்டுக்கு வருகிறது, மீன்தான் வருவதில்லை" என்றார். அன்று மாலையே மீன் போனது. இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை. போதாத இடத்தில் நான் நடுவில் நிற்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு நாங்கள் ஏரிப் பக்கம் புது வீட்டுக்கு மாறியபோது அந்தப் படத்தை அவர் பரிசாகத் தந்தார். தந்துவிட்டு அடுத்த நாளே ஒரு கண்காட்சிக்காகத் தாய்பே போய்விட்டார். சுவரில் மாட்டியதும் அம்மா, "உதென்ன, மேல்வீட்டுத் தண்ணி ஒழுகின மாதிரி" என்றார். அப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இல்லையப்பா. நவம்பர் மாசம் விடிய பஸ் எடுக்கேக்க முன்கண்ணாடியில இப்பிடித்தான் கிடக்கும்." பின்னொருநாள் இதைக் கேட்ட லியாவ் அன்ரி, தன்னைப் பற்றி எழுதிய விமர்சகர்களில் ஒருவராவது பேருந்து ஓட்டியிருக்க வேண்டும் என்றார்.

புது வீட்டுக் குடிபூரலன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்க நடந்தார். கதவு நிலை, குளிர்சாதனப் பெட்டி, சோற்றுக் குக்கர் என்று புதிதாக வந்த எதையும் விடவில்லை. படத்தின் வலது மேல் மூலையிலும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகுதான் அப்பா அதைக் கண்டார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்கிறேல்லையோ?"

"உது சாமானோ? அந்த மனுசி மாதக்கணக்கா இருந்து வரைஞ்சது."

ஈரத்துணியோடு ஓடிவந்த அம்மாவை நான் மறித்தேன். எண்ணெய் ஓவியத்தில் தண்ணீர் படக்கூடாது என்று பள்ளி நூலகப் புத்தகத்தில் வாசித்திருந்தேன்.

அம்மாவுக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை. இந்த நகரத்தில் தானாக வந்து அவரோடு பழகிய முதல் ஆள் லியாவ் அன்ரி. அவருடைய கைவேலையைப் பழுதாக்கிவிட்டேனே, தெரிந்தால் இனி இந்தப் பக்கம் வருவாரா என்று கவலைப்பட்டார். ஆகவே அவர் வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்றை அந்த மூலையில் தொங்கவிட்டார். லியாவ் அன்ரி தேநீர் குடிப்பார், தோரணத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். "படத்தைப் புரிந்துகொள்ள வேண்டாம். அதோடு குடியிருங்கள்" என்பார். நான் மொழிபெயர்த்துச் சொன்னால் அம்மா, "நாங்கள் குடியிருக்கிற வடிவு அவவுக்குத் தெரியாது" என்று முணுமுணுப்பார்.

பிறகு ஒருநாள், அவருடைய வாழ்நாள் ஓவியங்களைச் சேர்த்துக் காட்ட ஒரு கலைக்கூடம் முன்வந்தது. எங்கள் படமும் வேண்டும் என்றார்கள். கையுறை போட்ட இரண்டு பேரும் கலைக்கூடப் பொறுப்பாளரான பெண்ணும் லியாவ் அன்ரியும் வந்தார்கள். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை. "தோரணத்தோட கொண்டுபோகச் சொல்லு பிள்ளை" என்று என் காதில் சொன்னார். அது நடக்கிற காரியமா? ஒருவர் அதை மெல்லக் கழற்றினார். படத்தின் சாம்பல் நீல மூலையில் பொட்டு அப்படியே இருந்தது.

பொறுப்பாளர் குனிந்து பார்த்து, நிபுணரிடம் கொடுத்துத் துடைத்துவிடலாம் என்றார். லியாவ் அன்ரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"யார் வைத்தது?"

"நான்தான்" என்று அம்மா தமிழிலேயே சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வழக்கத்தை நான் விளக்கினேன்.

லியாவ் அன்ரி சொன்னது இது. அவருடைய ஊரின் பழைய ஓவியங்களில், படத்தை வைத்திருப்பவர் தன் சிவப்பு முத்திரையைக் குத்துவார். படம் கைமாறினால் அடுத்தவரும் குத்துவார். அப்படித்தான் ஒரு படம் யார் யார் வீட்டில் குடியிருந்தது என்று தெரியும். "ஒரு சீனப் பேரரசர் படத்தின் நடுவிலேயே குத்தித் தள்ளினார். உன் அம்மா மரியாதை தெரிந்தவர், மூலையில் வைத்திருக்கிறார்."

"அப்ப அவவுக்குக் கோவமில்லையோ? வடிவாக் கேள்."

கேட்டேன். "தோரணத்தின் மேல்தான் கோபம்" என்றார் லியாவ் அன்ரி. "இரண்டு வருடமாக அது என் படத்தைக் கெடுக்கிறது. உங்கள் சமயமாக இருக்கும் என்று பேசாமல் இருந்தேன்."

அம்மா சிரித்த சிரிப்பில் கையுறைக்காரர்களும் சிரித்தார்கள்.

அன்று தேநீர் குடிக்கும்போது லியாவ் அன்ரி இன்னொன்றும் சொன்னார். அவருடைய தகப்பனார் செதுக்கிக் கொடுத்த ஒரு கல் முத்திரை அவரிடம் இருந்தது. ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் அதைப் படங்களில் குத்தினாராம். பார்க்க வந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு முத்திரையையே பாராட்டினார்கள். இல்லாத மூங்கிலைப் படத்தில் தேடினார்கள். கோபத்தில் அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, படத்தின் பின்பக்கத்தில் கையெழுத்திடத் தொடங்கினாராம்.

கண்காட்சிக்குப் போனோம். படத்தின் பக்கத்தில் இருந்த அட்டையில், ஜெர்மனிலும் பிரெஞ்சிலும், எண்ணெய் வண்ணம், சந்தனம், குங்குமம் என்று எழுதியிருந்தது. அப்படி எழுதச் சொன்னது லியாவ் அன்ரி. அம்மா படத்தை விட்டுவிட்டு அட்டையை மட்டும் புகைப்படம் எடுத்தார். அதற்குப் பிறகு லியாவ் அன்ரி வரைந்த படங்களை உங்களில் யாராவது பார்த்திருந்தால், மூலையில் ஒரு சிறிய சிவப்புச் சதுரத்தைக் கண்டிருப்பீர்கள். அது அந்தக் கல் முத்திரை.

செய்தி வந்த அன்று மாலை அம்மா விளக்கேற்ற விரும்பினார். லியாவ் அன்ரியின் தனிப் புகைப்படம் எதுவும் எங்களிடம் இல்லை. ஆகவே படத்தின் கீழே ஏற்றினார். "எண்ணெய்ப் படம், தள்ளி வையும்" என்றார் அப்பா. அம்மா விளக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் குங்குமச் சிமிழை எடுத்தார். "இன்னொண்டு வைக்கட்டோ?"

கூடாது என்றேன். வைத்திருப்பவருக்கு ஒரு முத்திரை போதும். மிச்ச இடம் பின்னால் வருபவர்களுக்கு என்று லியாவ் அன்ரி, பொட்டைக் கண்ட அன்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, அம்மாவின் பொட்டுக்குக் கீழே, நீலம் சற்று வெளிறிய ஓர் இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அந்த இடம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. இப்போதும் பள்ளிக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

அம்மா சிமிழை மூடினார். "அப்ப உன்ர முறை வரேக்க நேரா வை. தோரணம் ஒண்டும் கட்டாத."