இருபத்திரண்டு பூட்டுக்கும் ஒரே முகவரி

தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையை நான் தொடங்கியபோது என்னிடம் இருந்தது ஆறாம் வகுப்புப் படிப்பும் ஒரு ஸ்குரூ டிரைவரும்தான். இன்று கடையத்திலிருந்து புளியறை வரைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களில் பாதி என் கை பட்டவை. செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானானாலும் முதல் பீஸுக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவேன். மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மயிரிழை மாறினாலும் பிரித்துப் போட்டுவிடுவேன். "அண்ணாச்சி கடையில நூறாவது பீஸும் முதப் பீஸும் ஒண்ணுபோல இருக்கும்" என்ற பேரை அப்படித்தான் வாங்கினேன்.

என் மகள் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, பட்டறை மாடியில் கம்பெனி தொடங்கினாள். ஃபோனைத் தொட்டால் ப்ளூடூத்தில் திறக்கும் கதவுப் பூட்டு. சவூதியில் இருந்துவிட்டு வந்து குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் பாய் ஒருவர், இருபத்திரண்டு அறைக்கும் கேட்டார். சீசனுக்குள் மாட்ட வேண்டும். இது சரிப்படாவிட்டால் பெங்களூருக்கே போய்விடுவேன் என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

பூட்டு தயார், பதிவுதான் வரவில்லை. வெளிநாட்டு அமைப்பு ஒன்றில் கம்பெனிக்கு அடையாள எண் வாங்க வேண்டும். இன்னோர் இடத்தில் பூட்டுகளுக்குள் எழுத வேண்டிய ப்ளூடூத் முகவரிகளை மொத்தமாக வாங்க வேண்டும்.

"ஆபீஸ் எங்கன இருக்குன்னு சொல்லுட்டி. நான் போய் வாங்கிட்டு வாரேன். ஈபி ஆபீஸ்ல நான் வாங்காத கையெழுத்தா?"

"அங்கன எல்லாம் போக முடியாதுப்பா. மெயில்லதான் வரும்."

"அப்போ கார் நம்பர் மாதிரி ஃபேன்சியா கேளு. கூட்டினா ஒம்பது வரணும்."

"கூட்டவே முடியாதுப்பா. அதுல பாதி எழுத்து."

விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. ஏதோ சான்று போதவில்லையாம். மறுபடி அனுப்பினாள். அதற்குள் சாரல் தொடங்கிவிட்டது. பாய் தினமும் கூப்பிட்டார். "அண்ணாச்சி, அருவியில தண்ணி விழுந்தாச்சு. பூட்டு எப்ப விழும்?" மகள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் ஃபோனை வைத்துக்கொண்டு மெயில் பார்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் எண்கள் வந்தன. முதல் பூட்டுக்குள் முதல் முகவரியை எழுதி, பூட்டை என் கையில் கொடுத்தாள். "மத்ததுக்கு நான் வந்து எழுதுதேன், நீங்க தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மதுரையில் ஒரு சோதனை வேலைக்குப் போனாள்.

மதியம் பாய் கூப்பிட்டார். பழைய பூட்டுகளைக் கழற்றிவிட்டாராம், மறுநாள் எல்லா அறைக்கும் ஆள் வருகிறார்களாம். நான் முதல் பீஸுக்குச் சந்தனம் வைத்தேன். ஒரு பூட்டில் உள்ளதை இன்னொன்றில் ஏற்றும் கருவி மாடியில் இருந்தது.

"அக்கா வரட்டுமே அண்ணாச்சி" என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

"முதப் பீஸ்ல எப்படியோ அப்படியே ஏத்து. ஒரு எழுத்து மாறக்கூடாது."

பட்டறையில் ஒவ்வொன்றாகப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். எல்லாம் திறந்தது. முதல் பீஸைச் சாமி படத்துக்குக் கீழே விட்டுவிட்டு, மற்ற இருபத்திரண்டையும் இருட்டுவதற்குள் மாட்டிவிட்டோம்.

மறுநாள் பகலில் லாட்ஜ் நிறைந்துவிட்டது. நான் வரவேற்பறையில் உட்கார்ந்து பூட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அருவியிலிருந்து ஈரத்துண்டோடு வந்த ஒருவர் நாலாம் அறை முன்னால் நின்று ஃபோனைத் தொட்டார். நாலு திறக்கவில்லை. ஒன்பதாம் அறை திறந்தது. உள்ளே ஒரு பெண் கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரது?" என்று அவள் கேட்டது வராந்தா முழுக்கக் கேட்டது.

பாய் தன் ஃபோனில் பன்னிரண்டாம் அறையைத் தொட்டார். இரண்டாம் அறை திறந்தது. அவர் சத்தம் போடவில்லை. "பொம்பளைப் பிள்ளைகள் உள்ள இருக்கு அண்ணாச்சி" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகளைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"முதப் பீஸை அப்படியே ஏத்தினீங்களாப்பா?"

"எப்பவும் போலத்தான்."

"இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர் போட்டுருக்கீங்க. தபால்காரன் எந்த வீட்டுக்குப் போவான்?"

அவள் உடனே பஸ் ஏறினாள். நான் எல்லாப் பூட்டிலும் பேட்டரியை உருவினேன். ஒவ்வொரு அறையாகப் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். என் வாழ்நாளில் அதுவரை ஒருவரிடமும் சொல்லாத சொல், அன்று இருபத்திரண்டு தடவை. உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். வெளியே போகிறவர்களின் அறைகளுக்குக் காவலாக, வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதாம் அறைக்காரர் என்னைத் தாண்டும்போதெல்லாம் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் வந்தாள். வந்ததும் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பூட்டுப் பூட்டாகப் புது முகவரி எழுதினாள், கூடவே நகலாகியிருந்த, பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்றினாள். அவள் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு முகவரியையும் அறை எண்ணோடு சேர்த்து நான் தாளில் எழுதினேன்.

முடிந்ததும் பாய் நாலைத் தொட்டார். நாலு திறந்தது. வராந்தாவில் வேறு கதவு எதுவும் அசையவில்லை. இருபத்திரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீசன் முடியட்டும் அண்ணாச்சி, அப்புறம் பேசுவோம்" என்றார்.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "பெங்களூருக்கா?"

"சாமி படத்துக்குக் கீழ இருக்கத முதல்ல எடுங்க" என்றாள்.

எடுத்தேன். இப்போது அந்த இடத்தில் முகவரித் தாள்தான் இருக்கிறது. சீசன் முடிந்து, மச்சானுக்கும் பூட்டு வேண்டும் என்று பாய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, புதுப் பூட்டுகளின் முகவரிகளையும் அதில் எழுதி, ஒவ்வொரு வரியாக டிக் அடித்துத்தான் பூட்டைக் கொடுத்தேன். மகளும் இங்கேதான் இருக்கிறாள். எங்கள் பூட்டு இரண்டில் ஒரே முகவரி இருக்கிறது என்று இன்றைக்கு யாராவது காட்டட்டும், பார்ப்போம்.