நாரையும் தாழைக்கோழியும்

அன்றைக்கு வரப்பில் இருந்தது நாலே பேர்: நான், என் மனைவி, பக்கத்து வயல்காரர், திண்டிவனத்திலிருந்து வந்திருந்த அவருடைய மச்சான். மச்சான் கையில் விழுப்புரத்தில் வாங்கிய வெடி ஒரு பை இருந்தது.

நவரைப் பட்டத்து நெல் நட்டு இருபது நாள். இரண்டு வயலிலும் நாற்று தூர் தூராக நறுக்கிக் கிடந்தது. ஏரிக் கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்த நத்தைகுத்தி நாரைகள் பகலெல்லாம் வயலில் நடந்தன. அதனால் அவைதான் என்று வயல்காரர் முடிவு கட்டிவிட்டார். கூட்டுக்கு அடியில் வெடி கொளுத்தினால் ஓடிவிடும் என்றார் மச்சான். கூடுகளில் குஞ்சு இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். எதற்கெடுத்தாலும் பயம். மடை உடைந்திருக்குமோ, பூச்சி விழுந்திருக்குமோ என்று நாளைக்கு ஐந்து தடவை வயலுக்கு ஓடுவேன். ஓடியதால் தெரியும். நாரை நின்ற இடத்தில் நத்தை ஓடு கிடக்கும். மிதிபட்டு நாலு நாற்று சாயும், மறுநாள் நிமிரும். வயலோரக் கோரையில் இருக்கும் தாழைக்கோழி அப்படியில்லை. நீல உடம்பு, சிவப்புக் கால். தண்டை நறுக்கிக் காலால் பிடித்து, குருத்தைத் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடும். அரவம் கேட்டால் கோரைக்குள் மறையும். நறுக்கிக் கிடந்ததெல்லாம் கோரை ஓரத்து வரிசைகள்.

சொன்னேன். மச்சான் சிரித்தார்.

"இன்னா மாமா, உங்க ஊர்ல கொக்குக்கெல்லாம் வக்கீலு வச்சிக்கினு இருக்கீங்க?"

வயல்காரர் என்னைப் பார்த்து, "வெயிலடிச்சா பயம், மழை பேஞ்சா பயம். நீ சும்மா இருப்பா," என்றார்.

ஆனாலும் மரத்துக்குப் போகிற ஏரிக்கரையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன்.

"பயந்தவன்தாண்ணா. அதனாலதான் தெனம் பாத்துக்கினு இருக்கேன். கோரைய அறுக்கலாம், நானும் வர்றேன். மரத்தாண்ட போவ வுட மாட்டேன்."

என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைத் தாண்டிப் போக அவர்களுக்குக் கூச்சம். பையோடு திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் கோரையை நானும் என் மனைவியும்தான் அறுத்தோம், வயல்காரர் பக்கத்தையும் சேர்த்து. அதன்பிறகு நறுக்கல் வெகுவாகக் குறைந்தது. நாரைக் குஞ்சுகள் பறந்துபோயின. வயல்காரர் மட்டும், இரண்டு வயலுக்கும் சேர்த்து வாங்கியது என்று, அந்த வெடி வாங்கிய செலவில் என் பங்கைக் கண்ட இடத்திலெல்லாம் கேட்கிறார். தர மாட்டேன். அவர் கணக்குப்படி நான் இன்னும் தர வேண்டியது நானூற்று ஐம்பது ரூபாய்.